வாடகைச் சக்கரத்துக்குக் குங்குமம்

எங்கள் பக்கத்தில் சாமிக்குத் தீபம் காட்டுவார்கள். கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணை மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டுவார்கள். லாரிக்கு எப்.சி. காட்டுவார்கள். மூன்றுக்கும் சொல் ஒன்றுதான். ஆனால் மூன்றாவதைக் காதில் கேட்டாலே லாரிக்காரர் சென்னிமலைக்கு நாக்கில் கசப்பு ஏறிவிடும்.

வருஷத்துக்கு ஒரு தடவை லாரியை ஆபீசர் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அவர் பிரேக்கு, விளக்கு, டயர் எல்லாம் பார்த்து, இந்த வண்டி ரோட்டில் ஓடலாம் என்று தகுதிச் சான்று தருவார். அதுதான் எப்.சி. அது இல்லாமல் ஓடுகிற வண்டி எங்காவது மோதிவிட்டால் இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான். சென்னிமலை ஜவ்வரிசி மூட்டை ஏற்றுகிற சேகோ பேக்டரியில்கூட இப்போதெல்லாம் அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் கேட்டைத் திறக்கிறார்கள்.

வையப்பமலைப் பக்கம் ஊர். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, கிளீனராய் லாரியில் ஏறியவர் சென்னிமலை. டிரைவராகி, பிறகு ஒரு பழைய லாரிக்குச் சொந்தக்காரராகி, இப்போது அம்பது வயதைத் தாண்டிய நிலையில் இரண்டு லாரி நிற்கிறது. ஜவ்வரிசி மூட்டையும் கிழங்கு மாவும் ஏற்றி வடக்கே அனுப்புகிறார். விடியற்காலை குளித்து விபூதி பூசாமல் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. ரோட்டில் எவன் குறுக்கே வந்தாலும் வாயில் ஒரு கெட்ட வார்த்தை வராது. டிரைவராக இருந்த காலத்திலேயே, "சென்னிமலை வண்டிக்கு ஆரன் எதுக்கு, கோயில் மணியைக் கட்டி உடுங்க" என்று சிரிப்பார்கள்.

வண்டித் தாள்களெல்லாம் அவர் சம்சாரம் கந்தம்மாள் பொறுப்பு. மஞ்சள் பையில் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருப்பாள். அவள் தேதி சொல்ல மாட்டாள், நோம்பி சொல்வாள். "இன்சூரன்சு தைப்பூசத்தோட முடியுதுங்க. பொகைச் சீட்டு பங்குனி உத்தரத்துக்கு. பெரிய வண்டி எப்.சி. ஆடிப் பெருக்கு." சாமி நாளோடு சர்க்கார் நாளையும் முடிச்சுப் போட்டு வைத்ததால் அந்த வீட்டில் ஒரு தாளும் காலாவதி ஆனதில்லை.

தாளில் குறையில்லை. குறையெல்லாம் ஜீவானந்தத்தின் கடையில்தான் இருந்தது.

எப்.சி. காட்டுகிற மைதானத்துக்குப் போகும் வழியில் ஒரு புளியமரம். அதனடியில்தான் ஜீவானந்தத்தின் கடை. பெயர்ப்பலகை கிடையாது. அங்கே எதையும் விற்பதும் கிடையாது, எல்லாம் வாடகை. காலையில் போனால் பத்து நல்ல டயரை உங்கள் லாரியில் மாட்டி விடுவார்கள். தீயணைக்கிற சிவப்பு உருளை ஒன்று, முதலுதவிப் பெட்டி ஒன்று, கண்ணாடி உடைந்திருந்தால் அதற்கும் மாற்று. இதற்கு எப்.சி. செட்டு என்று பெயர். ஆபீசர் பார்த்துக் கையெழுத்துப் போட்டதும் வண்டி புளியமரத்துக்குத் திரும்பி வரும். செட்டைக் கழற்றிக்கொண்டு, உங்கள் மொட்டை டயரையே திரும்ப மாட்டி அனுப்பிவிடுவார்கள். மதியத்துக்கு மேல் அதே செட்டு இன்னொரு லாரியில் ஏறும். சான்று என்னவோ வருஷம் பூராவும் செல்லும். சான்று வாங்கித் தந்த டயர் மதியச் சாப்பாடு வரைக்கும்கூட வண்டியில் இருக்காது.

ஊரே அப்படித்தான் செய்தது. சென்னிமலையும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார், போன வருஷம் வரைக்கும்.

போன வருஷம் ஆடியில் வண்டியை அங்கே நிறுத்திவிட்டு அவர் மரத்தடியில் நின்றிருந்தார். புது டயர் மாட்டினால் அதற்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்குவது எல்லாரும் செய்வதுதானே. அங்கே தினமும் பத்துப் பன்னிரண்டு வண்டிக்கு டயர் மாட்டினார்கள். ஒவ்வொரு வண்டிக்காரரும் பழம் வைத்தார். கூட்டுவார் யாருமில்லை. நசுங்கிய பழம் மண்ணோடு சேர்ந்து கூழாகி, புளித்து, பூசணம் பூத்துக் கிடந்தது. மேலே கழிவு ஆயில் சிந்தி, அதன் மேல் ஈ மொய்த்தது. மூக்கைப் பொத்தாமல் நிற்க முடியவில்லை.

டயர்களைப் பார்த்தார். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் சந்தனமும் குங்குமமும் அடை அடையாக அப்பியிருந்தன. ஒருவர் வைத்த பொட்டின் மேல் இன்னொருவர், அவர் மேல் வேறொருவர். காய்ந்து வெடித்து, சொறி பிடித்த தோல் மாதிரி செதிலாய் நின்றது.

அப்போது பக்கத்து வண்டிக்காரர் ஒருவர், நெற்றி நிறைய விபூதியோடு, அந்த வாடகை டயருக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார். "தாயே, இந்த வருசம் ஒரு குத்தமும் வராமப் பாத்துக்கோணும்" என்று கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு வேண்டினார். அவர் பக்தியில் பொய்யில்லை. கற்பூரம் அணைந்த கொஞ்ச நேரத்தில் வண்டி போய்க் காட்டிவிட்டு வந்தது. ஜீவானந்தத்தின் ஆட்கள் டயரைக் கழற்றி அந்த எலுமிச்சைச் சேற்றில் உருட்டினார்கள். கும்பிட்ட மனிதர் கம்பி தெரிகிற தன் பழைய டயரில் ஏறிக் கிளம்பிப் போனார்.

சென்னிமலைக்கு அது, சாமியைக் கூட்டிவந்து சாட்சிக் கூண்டில் ஏற்றிப் பொய் சொல்ல வைத்தது போல இருந்தது.

அதோடு போயிருந்தாலும் மறந்திருப்பார். அவருக்குக் கொடுத்த முதலுதவிப் பெட்டியை, உள்ளே பஞ்சாவது இருக்கிறதா பார்ப்போம் என்று திறந்துவிட்டார். கரப்பான் முட்டையும், பழுப்பேறிய ஒரு பிளாஸ்திரியும் கிடந்தன. யாருடைய காலிலிருந்தோ பிய்த்தது. மயிர் இரண்டு அதில் ஒட்டியிருந்தது. பெட்டியை மூடிவிட்டு ரோட்டோரக் குழாயில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அன்றைக்கு வீட்டில் தட்டு முன்னால் உட்கார்ந்தவர் சோற்றைப் பிசையாமல் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, சோறு ஆறுதுங்க" என்றாள் கந்தம்மாள்.

"இந்தக் கையில எப்படி கந்தா நாளைக்கி விபூதி எடுக்கறது?"

அன்றே முடிவு செய்துவிட்டார். அடுத்த எப்.சி.க்குக் காட்டுவது எல்லாம் நம்முடையதாக இருக்க வேண்டும். காட்டிய பிறகும் நம் வண்டியிலேயே இருக்க வேண்டும்.

வருஷம் பூராவும் நடைக்கு ஒன்று இரண்டாக டயர் வாங்கி மாற்றினார். கடைசியாக, டயர் வெடித்தால் மாற்றுவதற்கு வைத்திருக்கும் ஸ்டெப்னியும் புதிது. கந்தம்மாள் முகத்தை ஒரு முழம் நீட்டினாள். "நோம்பிக்கு ஒரு சேல எடுங்கன்னா டயரு எடுத்துட்டு வாரீங்க. அதையே சுத்திக்கிட்டுக் கோயிலுக்கு வாரனுங்க." சொல்லிவிட்டு, அவளேதான் ஒவ்வொரு டயருக்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். வண்டி வாசலில் நிற்கிற வெள்ளிக்கிழமை எதையும் விடவில்லை. வாசல் நிலைக்கு வைக்கும்போது அப்படியே ஒரு சுற்றுப் போய் வண்டிக்கும் வைத்துவிட்டு வருவாள். முதலுதவிப் பெட்டியையும் அவளே நிரப்பினாள். பஞ்சு, கட்டுத் துணி, காயத்துக்கு மருந்து. ஒரு ஓரத்தில் திருச்செங்கோட்டு மலைக்கோயில் விபூதிப் பொட்டலம்.

ஆடிப் பெருக்கு வந்தது. பழைய எப்.சி. முடிகிற நாளன்று காலையில் வண்டி கிளம்பியது. ஓட்டியது தனபால். சென்னிமலையின் அக்கா மகன். மூன்று வருஷமாக அந்த வண்டிக்கு அவன்தான் டிரைவர். புளியமரத்தடியில் வண்டி நிற்காமல் போவதைப் பார்த்து ஜீவானந்தம் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

"அண்ணா, செட்டு மாட்டாமப் போறீங்களே. மறந்துட்டீங்களா?"

"வேண்டாம் ஜீவா. எல்லாம் சொந்தமா இருக்குது."

ஜீவானந்தம் டயரைச் சுற்றி வந்து பார்த்தான். தட்டியும் பார்த்தான். "ஏனுங்ணா, இத்தன டயரையும் போட்டு ஓட்டித் தேச்சுப்போடுவீங்களா? காட்டறதுக்குன்னு ஒரு செட்டு எடுத்து உள்ள வெச்சுக்குங்க. கல்யாணத்துக்குப் பட்டு வேட்டி மாதிரி."

தனபால் சிரித்துவிட்டான். சென்னிமலை சிரிக்கவில்லை. "போலாம் தனபாலு" என்றார்.

மைதானத்தில் அன்றைக்கு இருந்த ஆய்வாளர் ஸ்ரீதேவி. அந்த இடத்துக்கு மாற்றலாகி வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. சிறு வயது. ஆனால் முகத்தில் நாற்பது வருஷம் உழைத்த சலிப்பு. பிரேக்கு பார்த்தார், விளக்கு பார்த்தார், எதிலும் குறை சொல்லவில்லை. பிறகு முன் டயரருகே குனிந்து பேனா முனையால் பக்கவாட்டைச் சுரண்டினார். சிவப்புச் செதில் ஒன்று பெயர்ந்து விழுந்தது. அடுத்த டயரிலும் சுரண்டினார். நிமிர்ந்தபோது முகம் சுளித்திருந்தது.

"இது எத்தனை பேர் வச்ச பொட்டு?"

"எங்க ஊட்டம்மா ஒருத்திதானுங்க மேடம்."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க." அவர் பேனாவைத் தாளில் துடைத்தார். "பெரியவரே, நான் வந்த அன்னைக்கே தெரிஞ்சுகிட்டது இது ஒண்ணுதான். சொந்த டயர்னா ஆயுத பூஜைக்கு வச்ச ஒரு பொட்டு இருக்கும். இப்படி அடை அடையா இருந்தா அது பத்து வண்டி மாறின டயர். டயரைப் பார்க்கறதையே விட்டுட்டேன், பொட்டைத்தான் பார்க்கறேன். நெத்தியில விபூதியும் பூசிகிட்டு வந்து... எனக்கு அருவருப்பா இருக்குங்க."

சென்னிமலைக்குக் காது இரண்டும் எரிந்தது. போன வருஷம் புளியமரத்தடியில் அவர் மனசில் நினைத்ததைத்தான் இந்தப் பெண் இப்போது அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது. அந்தக் கோபம் நியாயமான கோபம். வந்து விழுந்த இடம்தான் தப்பு.

தனபால் முன்னால் வந்தான். "மேடம், இது வாடகையில்லீங்க. வேணும்னா ஜீவானந்தத்தையே கூப்பிட்டுக் கேளுங்க. அந்தாளு கடைதான் இங்க. அவஞ் சாமான் அவனுக்குத் தெரியாதுங்களா?"

ஜீவானந்தம் அதற்குள் மைதான வாசலுக்கே வந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்ரீதேவி அவனை ஒரு பார்வை பார்த்தார். "சரி. அவர் வந்து இது தன்னோடது இல்லைன்னு சொல்லட்டும்."

ஜீவானந்தத்துக்கு முகமெல்லாம் பல். சென்னிமலையைத் தனியாக ஒதுக்கி அழைத்துப்போனான். "பாத்தீங்களாண்ணா. சொந்த டயரு போட்டாலும் நம்ம சாட்சி இல்லாம ஆவாது. எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. 'ஜீவா, நீயே வந்து சொல்லுடா'ன்னு உங்க வாயால ஒரு வார்த்த கேளுங்க. போய்ச் சொல்லீர்றன். இன்னிக்கே எப்.சி., நாளைக்கி சேகோ லோடு."

அவன் உடம்பிலிருந்து அந்தப் புளித்த எலுமிச்சை வாடை வந்தது. உண்மையாகவே வந்ததோ, சென்னிமலையின் மூக்குக்கு மட்டும் வந்ததோ. ஒரு வார்த்தைதான். கேட்டால் வண்டி நாளைக்கே ஓடும். பேக்டரியில் ஜவ்வரிசி மூட்டை அடுக்கித் தயாராக இருந்தது. வண்டி வராவிட்டால் வேறு வண்டிக்கு ஏற்றிவிடுவார்கள். ஒரு தடவை மாறிய லோடு திரும்பி வருவது கஷ்டம். தனபால் தூரத்திலிருந்து, கேட்டுவிடுங்கள் மாமா என்பது போலத் தலையை ஆட்டினான்.

சென்னிமலை அந்தப் பெட்டியை நினைத்துக்கொண்டார். கரப்பான் முட்டையையும் அந்த மயிரையும். இவன் வந்து என்னை நல்லவன் என்று சொல்லி, அதை வைத்து நான் நல்லவனாகிறதா?

"வேண்டாம் ஜீவா" என்றார். நேராக ஸ்ரீதேவியிடம் போனார்.

"மேடம், டயருல நம்பரு போட்டிருக்கும். அத எழுதிக்கோங்க. அடுத்த வாரம் இதே வண்டி, இதே டயரோட வாரனுங்க."

ஸ்ரீதேவி பழைய சான்றின் தேதியைப் பார்த்தார். "உங்க எப்.சி. இன்னைக்கோட முடியுது. அடுத்த வாரம் வரைக்கும் வண்டி ரோட்டுக்கு வரக் கூடாது. தெரியுமில்ல?"

"நிக்கட்டுங்க."

ஸ்ரீதேவி குனிந்து ஒவ்வொரு டயரின் நம்பரையும் எழுதினார். பின்னால் தொங்கிய ஸ்டெப்னியின் நம்பரையும் எழுதிக்கொண்டு, அதிலிருந்த பொட்டைப் பேனாவால் தொட்டுப் பார்த்தார். சுரண்டவில்லை.

வாசலில் ஜீவானந்தத்தின் குரல் கேட்டது. "எந்தச் சாமி வந்து லோடு ஏத்துதுன்னு பாக்கறன்."

அந்த வாரம் முழுக்க வண்டி வீட்டு வாசலில் நின்றது. சின்ன வண்டி மட்டும் ஓடியது. ரோட்டில் போகிற லாரிக்காரர்கள் ஒவ்வொருத்தரும் ஆரன் அடித்துவிட்டுப் போனார்கள். "என்னுங்க சென்னிமலை, வண்டிக்கு மேலுக்குச் சொகமில்லீங்களா?" என்று ஒருவர் இறங்கி வந்தே கேட்டார்.

கந்தம்மாளுக்குத் தனபால் மூலமாக விஷயம் தெரிந்துவிட்டது. மறுநாள் விடிந்ததும் வாளித் தண்ணீரும் ஈரத்துணியுமாக வண்டிக்கடியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பண்ணற?"

"என்ற பொட்டாலதானுங்களே எல்லாம். தொடைச்சுப் போடறன்." மூக்கை உறிஞ்சினாள். "நாஞ் சாமிக்கின்னுதானுங்க வெச்சன்."

சென்னிமலை துணியை வாங்கிக்கொண்டார். "தொடைக்காத. இது நீ வெச்சது. எவனோ வெச்சதப் பாத்து உன்றத எதுக்குத் தொடைக்கோணும்?"

அவள் எழுந்திருக்கவில்லை. "அந்தப் புள்ள மறுக்காவும் ஏதாச்சும் சொன்னா?"

"சொல்லட்டும். அது கெட்ட புள்ளயில்ல. தெனமும் அந்த நாத்தத்துலயே நின்னா மூக்கு என்ன பண்ணும்."

வார நடுவில் தனபால் பேக்டரியிலிருந்து வந்தான். சாப்பிடக் கூப்பிட்டும் உட்காரவில்லை. "மாமா, நம்ம லோடு போயிருச்சுங்க. நான் பாக்கப் பாக்கத்தான் ஏத்துனாங்க."

"எந்த வண்டிக்கு?"

"ஜீவா செட்டுல காட்டுன வண்டிக்கு. புது எப்.சி. தாளக் காட்டி உள்ள போயிட்டான். முன் டயருல கம்பி வெளிய தெரியுதுங்க மாமா. நான் கையில தொட்டுப் பாத்தன், குத்துது. கேட்டா, 'தாளு இருக்குதில்ல'ங்கறான்."

சென்னிமலை எழுந்து வெளியே போய் வேலியோரம் காறித் துப்பினார். அவர் துப்பி அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. தகுதியுள்ள வண்டி தாளில்லாமல் வாசலில் நிற்கிறது. தாள் உள்ள வண்டி கம்பி தெரியத் தோப்பூர் மலை ரோட்டில் ஏறப் போகிறது. இதைச் சாமியிடம் முறையிடக்கூட அவருக்கு வாய் கூசியது. கடைசியில் அந்த முன்பின் தெரியாத டிரைவருக்காக ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

மறுவாரம் வண்டி மைதானத்தில் நின்றது. ஸ்ரீதேவி எழுதி வைத்திருந்ததை எடுத்து வந்து ஒவ்வொரு நம்பராகப் பார்த்தார். பத்தும் அதே. ஸ்டெப்னியும் அதே. வாடகைச் செட்டு ஒரு நாளைக்கு மேல் ஒரு வண்டியில் தங்காது என்பது அவருக்கும் தெரியும். முன் டயரில் மேலாக ஒரு புதுப் பொட்டு ஈரம் காயாமல் இருந்தது.

"இது?"

"இன்னிக்கி வெள்ளிக்கெழமைங்க" என்றார் சென்னிமலை.

ஸ்ரீதேவி முதலுதவிப் பெட்டியைத் திறந்தார். மருந்து வாசமும் விபூதி வாசமும் சேர்ந்து வந்தன. விபூதிப் பொட்டலத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, இருந்த ஓரத்திலேயே திரும்ப வைத்து மூடினார். கையெழுத்துப் போடும்போது தலையைத் தூக்காமலே சொன்னார்: "அன்னைக்கு நான் சொன்னதை வீட்டம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"நாஞ் சொல்லலீங்க. பய சொல்லிட்டான்."

"அவங்க வைக்கறதை நிறுத்த வேண்டாம்னு சொல்லுங்க."

திரும்பும் வழியில் புளியமரத்தடியில் ரோட்டை அடைத்து ஒரு லாரி நின்றது. வாடகை டயரை மாட்டி, எலுமிச்சம்பழம் வைத்து, பூசை நடந்துகொண்டிருந்தது. வழி விடும்வரை சென்னிமலை இறங்கி நின்றார். வாடை குப்பென்று அடித்தது. வண்டிக்காரர், அவர் வயதுக்காரர், டயருக்குக் காட்டிய கற்பூரத் தட்டோடு சுற்றியிருந்தவர்களிடம் வந்தார்.

"அண்ணனுக்கு மொதல்ல குடுங்க" என்றான் ஜீவானந்தம் பின்னாலிருந்து. "சாமி மனுசன். ஒரு வாரமா வண்டியக் கோயிலு மாதிரி ஊட்டு முன்னால நிறுத்திக் கும்பிட்டுட்டு இருந்தாரு."

தட்டு முன்னால் வந்து நின்றது. எரிகிற கற்பூரத்தின் முன் கை நீட்டாமல் இருந்தது சென்னிமலையின் ஆயுசில் இல்லை. நெருப்புக்கு என்ன தீட்டு இருக்கிறது. இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த மனிதர் தட்டை இன்னும் கொஞ்சம் நீட்டி, "குங்குமம் எடுத்துக்குங்க" என்றார்.

சென்னிமலை கையை இழுத்துக்கொண்டார்.

"ஊட்டுல இருக்குதுங்க" என்றார் மெதுவாக.

முன் லாரி நகர்ந்தது. சென்னிமலை ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். எதிரே ரோடு முழுக்க நசுங்கிய பழமும் நசுங்காத பழமுமாகக் கிடந்தது.

"தனபாலு, பழத்து மேல ஏத்தாத. ஒதுக்கி ஓட்டு."

தனபால் ஸ்டியரிங்கை ஒடித்து, மண்ணில் இறக்கி, மெள்ளச் சுற்றிக்கொண்டு பேக்டரி ரோட்டைப் பிடித்தான்.